கோபால்ட் வந்த வழி

கனடாவில் ஒட்டாவா ஆற்றங்கரையில் சாக் ரிவர் என்று ஓர் ஊர். 1947-இல் அங்கே என்.ஆர்.எக்ஸ். என்ற அணு உலை ஓடத் தொடங்கியது. பீங்கானுக்கு நீல நிறம் ஏற்றப் பயன்படும் சாதாரணக் கோபால்ட் உலோகத்தை வில்லை வில்லையாக வெட்டி அந்த உலைக்குள் வைத்தார்கள். உலைக்குள் பறந்துகொண்டிருக்கும் நியூட்ரான்கள் அதன் மீது ஓயாமல் மோதின. கோபால்ட்-59 அணுக்களில் ஒரு பகுதி ஆளுக்கொரு நியூட்ரானை விழுங்கி கோபால்ட்-60 ஆயின. 1951-இல் வெளியே எடுத்தபோது பார்வைக்கு அதே உலோகம்தான். ஆனால் வெறுங்கையால் தொட்டால் உயிர் போய்விடும். இரும்பையும் கான்கிரீட்டையும் துளைத்துச் செல்லும் காமா கதிர்கள் அதிலிருந்து இரவும் பகலும் கிளம்பிக்கொண்டிருந்தன.

அந்தக் கதிரை நோயாளியின் உடம்புக்குள் இருக்கும் கட்டியை நோக்கித் திருப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. அதுவரை மருத்துவர்கள் கையில் இருந்தவை இரண்டு: ரேடியம், எக்ஸ்ரே. ரேடியம் தங்கத்தைவிடப் பன்மடங்கு விலை. கோபால்ட் தருகிற பலத்தை ரேடியத்தில் எட்ட வேண்டுமானால் அது கிலோக் கணக்கில் வேண்டும். உலகம் முழுவதும் தேடினாலும் அவ்வளவு சேர்ப்பது கடினம். எக்ஸ்ரேயின் கதை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

1951 அக்டோபர் 27 அன்று கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரில் முதல் நோயாளிக்குக் கோபால்ட் கதிர் கொடுக்கப்பட்டது. சில நாட்களில் சஸ்கடூன் நகரிலும் சிகிச்சை தொடங்கியது. அங்கே ஹரோல்ட் ஜான்ஸ் என்ற இயற்பியலாளர் கதிரின் அளவை வாரக்கணக்கில் அளந்து, கணக்கு சரிப்பட்ட பிறகுதான் நோயாளியைப் படுக்கவைத்தார். அவரிடம் வந்த முதல் நோயாளி கருப்பைவாய்ப் புற்று முற்றிய ஒரு தாய்; வயது 43. அதன் பிறகு அவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு இருந்தார். இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி அவரைப் போன்றவர்களைப் பற்றியதுதான். கதிர் வாங்கிப் பிழைத்து, பத்து, இருபது, நாற்பது ஆண்டு வாழ்பவர்களின் உடம்பில் அந்தக் கதிர் வேறு என்ன செய்கிறது?

புதுக்கோட்டையிலிருந்து அடையாறு

கோபால்ட் சிகிச்சை பிறப்பதற்கு முன்பே அதைத் தமிழ்நாட்டுக்கு வரவழைக்கப்போகும் பயணம் புதுக்கோட்டையில் தொடங்கிவிட்டது. 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊரில் எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார். இன்று மன்னர் கல்லூரி என்று ஊரார் சொல்லும் கல்லூரிதான் அது. அங்கிருந்து 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் மருத்துவப் பட்டம். பிறகு சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினர், தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று நாடறிந்த வரலாறு.

அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரம் முத்துலட்சுமியை விடவில்லை. இங்கிலாந்தின் லண்டனில் மேற்படிப்புக்குப் போனபோது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்தார். சென்னைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார். புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்ட காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் பேரில் நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு, குடிசைகளில் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955-இல் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் இறக்கும் வரை அவருக்கு அந்த வளாகம்தான் வீடு.

அந்தச் சின்ன மருத்துவமனைக்கு 1950-களின் பின்பாதியில் கனடாவிலிருந்து எல்டொராடோ என்ற கோபால்ட் இயந்திரம் அன்பளிப்பாக வந்தது. இந்தியாவின் முதல் கோபால்ட் சிகிச்சை இயந்திரம் இதுதான். பம்பாயும் டெல்லியும் கல்கத்தாவும் இருக்க, தொடங்கிச் சில ஆண்டே ஆன ஒரு தரும ஆஸ்பத்திரிக்கு அது வந்தது என்பதை நாம் போதிய அளவு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

வந்த பொருளின் அமைப்பைச் சொல்ல வேண்டும். கதிரை உமிழும் கோபால்ட் மொத்தமும் இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஓர் எஃகு உறைக்குள் அடங்கிவிடும். கதிர்வீச்சுத் துறையில் அதை ‘சோர்ஸ்’ என்பார்கள். அதைச் சுற்றிக் கதிரை அடக்கும் ஈயம் கனமாகச் சூழ்ந்திருக்கும். நோயாளி படுத்ததும், ஆட்கள் எல்லாரும் வெளியேறி, கனத்த சுவருக்கு அப்பாலிருந்து இயக்கினால் சோர்ஸ் திறப்பை நோக்கி நகரும். குறித்த நிமிடம் முடிந்ததும் மறுபடி ஈயத்துக்குள் ஒளிந்துகொள்ளும். வலி கிடையாது; சூடு தெரியாது; வெளிச்சம் தெரியாது. அப்படியும் நம் பக்கத்து மக்கள் அதைக் ‘கரண்ட் வைப்பது’ என்றே சொல்கிறார்கள். உடம்பில் மையால் கோடு போட்டு, குளிக்கும்போது அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம். பல புற்றுகளுக்கு இதுதான் அன்றும் இன்றும் பொதுவான முறை.

எக்ஸ்ரே விட்டுச்சென்ற பாடம்

கோபால்ட்டுக்கு முன்பு ஆழமான கட்டிக்குக் கொடுத்தது எக்ஸ்ரே. சென்னைப் பொது மருத்துவமனையை ஒட்டி 1934-இல் பார்னார்ட் கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டபோது இந்த நாட்டில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தக் கால எக்ஸ்ரேக்குப் பலம் குறைவு. அதனால் இரண்டு தொல்லைகள். உள்ளே போவதற்குள் தோலின் மேல் பெரும்பகுதி இறங்கிவிடும். தோல் வெந்து புண்ணாகும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. பலம் குறைந்த எக்ஸ்ரேயை எலும்பில் உள்ள கால்சியம் பக்கத்துச் சதையைவிடச் சில மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். சதையில் உள்ள கட்டிக்குக் குறிவைத்தால் அருகிலுள்ள எலும்பு அதைவிட அதிகமாக வாங்கிக்கொள்ளும்.

இதன் விளைவு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. எக்ஸ்ரேயால் புற்று வரும் என்பது புதிய செய்தி அல்ல. கருவியைக் கையாண்டவர்களின் கைகளில் தோல் புற்று வந்ததை 1902-லேயே எழுதிவிட்டார்கள். சிகிச்சை வாங்கியவர்களுக்கு அதே இடத்தில் எலும்புப் புற்று வருவதை முறையாகத் தொகுத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் கேகன். 1948-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கதிரால் வந்த புற்று என்று சொல்ல அவர்கள் வகுத்த விதிகள் இன்றும் மருத்துவர்களுக்குப் பாடம். புதிய கட்டி, முன்பு கதிர் பட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். முதல் நோயின் வகையைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே நோயில்லாத நீண்ட இடைவெளி வேண்டும். கேகன் ஐந்தாண்டு என்றார், பின்னாளில் மூன்று ஆண்டு வரை குறைத்துக்கொண்டார்கள். கடைசியாக, சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

கோபால்ட் இந்தக் கதையில் நல்ல பக்கத்தில் நிற்கிறது. அதன் கதிர்களின் ஆற்றல் பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல். அந்த ஆற்றலில் எலும்பும் சதையும் ஏறத்தாழ ஒரே அளவுதான் உறிஞ்சுகின்றன. உச்ச அளவு தோலின் மேல் விழாமல் அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி விழுகிறது. தோல் தப்பியது, எலும்பு வாங்கும் மிகையும் குறைந்தது. ஆனால் அபாயம் அடியோடு போய்விடவில்லை.

கதிர் போன பிறகு

கதிர் ஒரு செல்லுக்குள் நுழைந்தால் அதன் மரபணு இழைகள் அறுபடும். வேகமாகப் பெருகும் புற்றுச் செல்கள் அந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாமல் சாகும். சுற்றியுள்ள நல்ல செல்கள் பெரும்பாலும் இழையை ஒட்டவைத்துப் பிழைத்துக்கொள்ளும். களையெடுக்கும்போது பக்கத்துப் பயிரும் கொஞ்சம் மிதிபடத்தான் செய்யும். பெரும்பாலான பயிர் நிமிர்ந்துவிடும். அப்படிப் பிழைத்த நல்ல செல்களில் மிகச் சில இழையைத் தவறாக ஒட்டிக்கொண்டு உயிரோடு இருந்துவிட்டால்தான் சிக்கல். அந்தத் தவறு தலைமுறை தலைமுறையாகச் செல்களில் தொடர்ந்து, வேறு தவறுகளும் சேர்ந்து, ஒருநாள் புதிய புற்றாகும். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். சார்கோமா எனப்படும் சதை, எலும்பு, ரத்தக்குழாய்ப் புற்றுகளுக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டை ஒட்டி. மூளையுறைக் கட்டிகளுக்கு இருபது, முப்பது ஆண்டும் ஆகும்.

இது எவ்வளவு அரிது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களில் அதனால் சார்கோமா வருவது நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே. மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுத்த பெண்களில், அந்த இடத்துத் தோலில் ஆஞ்சியோசார்கோமா என்னும் ரத்தக்குழாய்ப் புற்று வருவது ஆயிரத்தில் ஒருவர் அளவுக்கு. எல்லா வகைப் புற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் இதே நிலைதான். அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2011-இல் வெளியான ஆய்வு, பிழைத்தவர்களுக்கு இரண்டாவதாக வந்த புற்றுகளில் நூற்றுக்கு எட்டுதான் கதிர்ச் சிகிச்சையால் வந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. மீதிக்கு வயது, புகையிலை, பரம்பரை முதலியவைதான் காரணம். 15 ஆண்டு கழிந்த நிலையில் ஆயிரம் நோயாளிகளில் ஐந்து பேருக்குக் கதிரால் கூடுதலாக ஒரு புற்று. இன்னொரு பக்கம், அந்த ஆயிரம் பேரில் பலருடைய உயிரைக் காத்ததும் கதிர்தான்.

ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவராக இருப்பவருக்கு விகிதக் கணக்கு ஆறுதல் தராது. அவருக்குத் தெரிய வேண்டியது மருத்துவம்.

ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். 45 வயதில் மார்பகப் புற்று. கட்டியை எடுத்து, கீமோ ஊசி போட்டு, முப்பது நாள் போலக் கரண்ட் வைத்து, குணமாகி ஊர் திரும்பினார். எட்டு ஆண்டு கழித்து, கதிர் பட்ட தோலில் நீலமும் சிவப்பும் கலந்த ஒரு தடம் தெரிகிறது. எங்கோ இடித்துக்கொண்டதால் ரத்தம் கட்டியிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வலியும் இருக்காது. தைலம் தேய்ப்பார்கள், களிம்பு தடவுவார்கள். ஆஞ்சியோசார்கோமா பல பெண்களிடம் இப்படித்தான் தொடங்குகிறது. மருத்துவரிடம் போனாலும், பழைய கதிரின் தழும்பு என்றோ தோல் அலர்ஜி என்றோ தள்ளிப்போக வாய்ப்புண்டு. மேலோட்டமாக ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால் சில சமயம் பிடிபடாது; பல இடத்தில் சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த வகைப் புற்றில் மிக் என்ற மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதை 2010-ஐ ஒட்டிய ஆய்வுகள் கண்டுபிடித்தன. கதிரால் வந்த தீங்கற்ற ரத்தக்குழாய் மாற்றங்களிலிருந்து புற்றைப் பிரித்துக் காட்ட நோய்க்குறியியல் மருத்துவர்களுக்கு அது கைகொடுக்கிறது.

சிகிச்சையில் முதலிடம் கத்திக்குத்தான். கண்ணுக்குத் தெரியும் தடத்தை மட்டும் வெட்டினால் போதாது. முன்பு கதிர் பட்ட தோல் முழுவதும் சந்தேகத்துக்குரியது என்பதால், மார்பகத்தோடு அந்தத் தோலையும் அகலமாக எடுக்க முயல்கிறார்கள். கதிர் பட்ட தோல் எளிதில் ஆறாது. எனவே முதுகிலிருந்தோ வயிற்றிலிருந்தோ நல்ல ரத்த ஓட்டமுள்ள சதையைத் திருப்பிக் கொண்டுவந்து மூட வேண்டியிருக்கும். புற்று அறுவை மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரும் ஒன்றாக நிற்க வேண்டிய வேலை இது. வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை என்று ஆய்வில் வந்தால் நோயாளிக்கு நல்ல வாய்ப்பு. ஓரத்தில் மிச்சம் இருந்தால் நோய் அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டும்.

இரண்டாவது, மருந்து. பாக்லிடாக்சல் ஊசி ஆஞ்சியோசார்கோமாவுக்கு ஓரளவு கேட்கிறது. மற்றச் சார்கோமாக்களுக்கு டாக்சோரூபிசின், ஐபாஸ்பமைடு. இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. டாக்சோரூபிசின் ஓர் அளவைத் தாண்டினால் இதயத்தைக் கெடுக்கும். ஆயுள் முழுவதும் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கிறது. முதல் மார்பகப் புற்றுக்கே அந்த மருந்தைக் கொடுத்திருந்தால், இப்போது கொடுக்க மிச்சம் எவ்வளவு என்பதைப் பழைய ஏட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இடது மார்பகத்துக்குக் கொடுத்த கதிரில் இதயத்துக்கும் கொஞ்சம் பங்கு போயிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, மறுபடியும் கதிர். கதிரால் வந்த புற்றுக்குக் கதிரா என்று கேட்கத் தோன்றும். சில பெரிய மருத்துவமனைகள் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அதைச் செய்கின்றன. சிறு சிறு பங்காக, ஒரே நாளில் இரண்டு மூன்று முறை பிரித்துக் கொடுப்பது ஒரு வழி. கதிரோடு அந்த இடத்தைச் சூடாக்குவது இன்னொரு வழி. எலும்பும் நரம்பும் தோலும் முன்பு எவ்வளவு வாங்கின என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் இந்த முடிவை எடுக்க முடியும்.

பிழைப்பு எவ்வளவு? மேலை நாட்டு மருத்துவமனைகள் வெளியிட்ட பல தொகுப்புகளில், கதிரால் வந்த சார்கோமா நோயாளிகளில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு நாற்பதை ஒட்டி இருக்கிறார்கள். தானாக வந்த சார்கோமாவைவிட இது குறைவுதான். ஆனால் இந்தச் சராசரிக்குள்ளே இடைவெளி பெரிது. கை, கால், மார்புச் சுவர் போன்று முழுமையாக வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில், சின்னதாக இருக்கும்போதே பிடித்தவர்கள் அந்தச் சராசரிக்கு மேலே. கருப்பைவாய்ப் புற்றுக்கு இடுப்பில் கதிர் வாங்கியவருக்கு இடுப்பெலும்பில் வரும் சார்கோமா, வாய்ப்புற்றுக்குக் கதிர் வாங்கியவருக்குத் தாடையில் வருவது ஆகியவற்றை முழுதாக எடுப்பது கடினம். அங்கே பிழைப்பு குறைகிறது. சிறு வயதில் தலைக்குக் கதிர் வாங்கியவர்களுக்குப் பின்னாளில் வரும் வீரியமான மூளைப் புற்றில் பலரும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. அதே மூளையின் உறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெதுவாக வளர்வது, அறுவையில் எடுத்துவிடலாம். ஆக, முடிவைத் தீர்மானிப்பவை மூன்று: எந்த இடம், எவ்வளவு சீக்கிரம், முழுதாக எடுக்க முடிந்ததா.

மருத்துவம் திருந்திய விதம்

இந்த அரிய நோயாளிகளைப் பார்த்து மருத்துவம் தன் வழக்கங்களை மாற்றிக்கொண்டது. கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைகளைப் பாதிப்பது. அதில் பரம்பரை வகையைச் சேர்ந்த குழந்தைகளுக்கு, கட்டியை அடக்கும் ஒரு மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக இருக்கும். கண்ணுக்குக் கதிர் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளைகளில் பலருக்குப் பதின்வயதில் முக எலும்பில் சார்கோமா வந்ததைக் கண்ட பிறகு, முடிந்தவரை வெளிக்கதிரைத் தவிர்த்துக் கீமோ, லேசர், குளிர்ச் சிகிச்சை பக்கம் திரும்பினார்கள். ஹாட்ஜ்கின் நோய்க்கு இளம்பெண்களின் மார்பு முழுவதும் கதிர் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அவர்களில் சிலருக்கு நாற்பது வயதுக்குள்ளேயே மார்பகப் புற்று வந்ததைப் பார்த்து, கதிரின் பரப்பையும் அளவையும் குறைத்தார்கள். வாங்கியவர்களுக்குச் சீக்கிரமே மார்பகப் பரிசோதனை தொடங்கினார்கள். ரத்தப் புற்றுக் குழந்தைகளுக்குத் தலைக்குக் கொடுத்த முன்தடுப்புக் கதிரும் பெருமளவு கைவிடப்பட்டது.

இயந்திரமும் மாறியது. 1976-இல் இந்தியாவின் முதல் லீனியர் ஆக்சிலரேட்டர் (சுருக்கமாக லீனாக்) அடையாற்றுக்கே வந்தது. இதில் கதிரியக்கப் பொருள் கிடையாது. மின்சாரம் நின்றால் கதிரும் நின்றுவிடும். கதிரின் ஓரங்கள் கோபால்ட்டைவிடக் கூர்மை. பிறகு வந்த நுட்பங்கள் கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரை வளைத்தன. ஆனால் பல கோணங்களிலிருந்து வீசுவதால் சிறு அளவுக் கதிர் உடம்பில் பரவலாகப் படுகிறது. அது பிற்காலத்தில் என்ன செய்யும் என்று குழந்தை மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். கட்டியோடு நின்றுவிடும் புரோட்டான் கதிருக்கு மவுசு வந்த காரணங்களில் இதுவும் ஒன்று. 2019-இல் சென்னையில் ஒரு தனியார் மையம் புரோட்டான் சிகிச்சையைத் தொடங்கியது. செலவு லட்சக்கணக்கில்.

தேயும் சோர்ஸ்

கோபால்ட் சோர்ஸுக்கு ஆயுள் உண்டு. 5.27 ஆண்டுக்கு ஒருமுறை அதன் பலம் பாதியாகும். மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே வரும். அதற்கு ஏற்பக் கதிர் கொடுக்கும் நேரத்தை மருத்துவ இயற்பியலாளர் மாதந்தோறும் கூட்டிக்கொண்டே போவார். புதிதாக வந்தபோது ஒரு நிமிடம் படுத்த நோயாளி, ஐந்தேகால் ஆண்டு கழித்து அதே அளவுக்கு இரண்டு நிமிடம் படுக்க வேண்டும். பிறகு சோர்ஸை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் வரிசையில் நிற்கும் கூட்டம் கூடும். அடையாற்றுக்கு முதலில் வந்த கோபால்ட் இன்று எங்கே இருந்தாலும் அதன் பலம் ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்து, அதிலிருந்த கோபால்ட்-60 ஏறத்தாழ முழுவதும் நிக்கலாக மாறியிருக்கும்.

மாற்றுச் சோர்ஸுக்கு இந்தியா வெகுகாலம் கனடாவை நம்பியிருக்கவில்லை. 1974-இல் பொக்ரான் அணுச் சோதனைக்குப் பிறகு கனடா அணுசக்தி உறவை முறித்துக்கொண்டது. ராஜஸ்தானில் ராவத்பாட்டா அணுமின் நிலையத்தின் உலைகளிலேயே கோபால்ட் தயாரிக்கப்பட்டு, அங்குள்ள கூடத்தில் உறையிடப்பட்டு, மருத்துவமனைகளுக்குப் போகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் பாபாட்ரான் என்ற சொந்த இயந்திரத்தையும் உருவாக்கியது. அன்பளிப்பாகக் கோபால்ட் இயந்திரம் வாங்கிய நாடு, வியட்நாமுக்கு ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியது.

தேய்ந்த சோர்ஸைத் தயாரித்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2010 ஏப்ரல் சாட்சி. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் பயன்பாடில்லாமல் கிடந்த ஒரு கோபால்ட் கருவி பழைய இரும்பாக ஏலம் போனது. மாயாபுரி பழைய இரும்புக் கடையில் அதை உடைத்தார்கள். தொழிலாளர்கள் பலர் கதிர்க் காயத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள்; ஒருவர் இறந்தார். அந்தச் சோர்ஸ் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் அலைய வேண்டியிருந்தது.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

சோர்ஸுக்கு ஏடு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது கதிர் வீசிய உடம்புக்கு ஏடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருவருக்குப் புற்று வந்தால், கதிருக்காகக் கந்தர்வகோட்டை வழியாகத் தஞ்சாவூருக்கோ, கீரனூர் வழியாகத் திருச்சிக்கோ, பொன்னமராவதிப் பக்கத்தார் மதுரைக்கோ போகிறார்கள். வசதியும் துணையும் இருப்பவர்கள் ரயிலேறிச் சென்னைக்கு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்ச் சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. ஐந்தாறு வாரம் அங்கேயே தங்கி, முடிந்ததும் ஒரு டிஸ்சார்ஜ் தாளோடு ஊர் வருகிறார்கள். சில ஆண்டு செக்கப். பிறகு குணமாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். பைலை மழை நனைக்கும், கரையான் அரிக்கும், வீடு மாறும்போது தொலையும். நோய் வந்ததையே உறவுக்காரர்களிடம் மறைத்த வீடுகளில் காகிதத்தையும் ஒளித்து வைப்பார்கள். சில வீடுகளில் கொளுத்தியும் விடுவார்கள். பத்தாண்டு கழித்து, வேறு ஊரில், வேறு மருத்துவர் முன்னால் புதிய கட்டியோடு உட்காரும்போது, எங்கே கதிர் வாங்கினீர்கள், எந்தப் பக்கம், கதிரின் அளவு எத்தனை கிரே, கோபால்ட்டா லீனாக்கா, எந்தக் கீமோ என்று அவர் கேட்கிற கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இருக்காது. இரண்டாவது சிகிச்சையின் ஒவ்வொரு முடிவும் அந்தப் பதில்களைப் பொறுத்திருக்கிறது.

கதிருக்கு அஞ்சி யாரும் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது. கையில் உள்ள புற்று இன்றைக்குக் கொல்லக்கூடியது. கதிரால் வரும் புற்று ஆயிரத்தில் சிலருக்கு, ஆண்டுகள் கழித்து வரக்கூடியது. சீக்கிரம் பிடித்தால் அதையும் வெல்ல வாய்ப்புண்டு. இந்த இரண்டில் எதைத் தேர்வது என்பதில் குழப்பமே வேண்டாம்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. கதிர் முடிந்து ஊர் திரும்பும் நாளில், டிஸ்சார்ஜ் தாளோடு கதிர் அளவு எழுதிய தாளையும் கேட்டு வாங்குங்கள். கதிர் வாங்கிய இடம், பக்கம், மொத்த அளவு, எத்தனை நாள், எந்த இயந்திரம், கீமோ மருந்தின் பெயரும் மொத்த அளவும் அதில் இருக்கட்டும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். செல்போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதிர் பட்ட இடத்தில் எத்தனை ஆண்டு கழித்தானாலும் புதிய கட்டி, ஆறாத புண், நீலத் தடம், விடாத எலும்பு வலி என்று எது வந்தாலும், களிம்பு தடவிக் காத்திருக்காமல், அந்தத் தாளோடு புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். போனதும், “இந்த இடத்தில் முன்பு கரண்ட் வைத்திருக்கிறார்கள்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.